பவுண்டரி வாட்டர்ஸில் மூன்று குடும்பம், நான்கு இரவு: வழி சொல்லுங்கள்

காவேரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். மினியாபொலிஸ் பக்கத்தில் இருக்கிறோம். வரும் கோடையில் வடக்கு மினசோட்டாவில் பவுண்டரி வாட்டர்ஸ் என்ற ஏரிக்காட்டுக்குக் கனூவில் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான படகில்) போய் நான்கு இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று மூன்று குடும்பங்கள் பேசி வைத்திருக்கிறோம். மொத்தம் 11 பேர். பெரியவர்கள் 6, பிள்ளைகள் 5. கடைக்குட்டிக்கு 8 வயது. ஸ்டேட் பார்க்குகளில் காருக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டுப் பழக்கம் உண்டு. நகர ஏரிகளில் கனூவும் ஓட்டியிருக்கிறோம். பெரியவர்களில் இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது.

வரைபடத்தைப் பார்த்து நாங்கள் போட்ட வழி இது: மூஸ் ஏரியில் இறங்கி நியூஃபவுண்ட், சக்கர், பர்ச், கார்ப் வழியாக நைஃப் ஏரி. அங்கிருந்து வீரா, என்சைன் ஏரிகள் வழியாகச் சுற்றித் திரும்பி வருவது. நைஃப் ஏரித் தீவில் 1986 வரை தனியாக வாழ்ந்த டோரத்தி மோல்ட்டர் அம்மாவைப் பற்றிப் படித்ததிலிருந்து அந்தத் தீவைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. நாளைக்கு ஆறேழு மைல்தானே, நடக்கிற காரியம்தானா? எந்த மாதம் நல்லது? பெர்மிட் எப்படி எடுப்பது? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

வடக்குவாசி

வணக்கம். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம். 11 பேர் ஒரே குழுவாகப் போக முடியாது. அதிகபட்சம் 9 பேர், 4 படகு. இரண்டு பெர்மிட் எடுத்தாலும் இரண்டு குழுவும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும். ஒரே முகாமில் தங்குவது மட்டுமல்ல, தண்ணீரில் சேர்ந்து துடுப்புப் போடுவதும், போர்ட்டேஜில் (படகைச் சுமந்து நடக்கும் பாதையில்) ஒன்றாக நிற்பதும், ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடுவதும் கூடாது. காட்டுத்துறை ரேஞ்சர்கள் படகில் வந்து பார்ப்பார்கள், பெர்மிட்டைக் கேட்பார்கள், அபராதமும் உண்டு. நம் ஆட்கள் கூட்டமாகப் போய்ப் பழகியவர்கள் என்பதால் இதை முதலிலேயே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்தது வழி. இங்கே மைல் கணக்கு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். போர்ட்டேஜ் கணக்குதான் கணக்கு. ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவில் படகையும் மூட்டையையும் தோளில் சுமந்து நடக்கும் பாதைதான் போர்ட்டேஜ். அதன் நீளத்தை வரைபடத்தில் ராட் கணக்கில் போட்டிருப்பார்கள். ஒரு ராட் 16.5 அடி, கிட்டத்தட்ட ஒரு கனூவின் நீளம். 320 ராட் ஒரு மைல். என்சைனிலிருந்து வீராவுக்கும், வீராவிலிருந்து நைஃபுக்கும் உள்ள இரண்டு போர்ட்டேஜுமே அரை மைலுக்கு மேல். முதல் தடவை போகிறவர்கள் எல்லாச் சாமானையும் ஒரே நடையில் தூக்க மாட்டார்கள். ஒரு சுமையை வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து அடுத்ததை எடுக்க வேண்டும். அப்படியானால் ஒரே பாதையை மூன்று தடவை நடக்கிறீர்கள், அதில் இரண்டு தடவை சுமையோடு. அரை மைல் பாதை ஒன்றரை மைல் ஆகிவிடும். பாறை, வேர், சேறு எல்லாம் உண்டு. எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

என் யோசனை லேக் ஒன், நுழைவு எண் 30. பக்கத்து ஊரான ஈலியிலிருந்து ஃபெர்ன்பெர்க் சாலையில் போய்க் கடைசியில் இறங்குவது. லேக் ஒன்னிலிருந்து லேக் டூவுக்கு இரண்டே போர்ட்டேஜ்: ஒன்று 30 ராட், நடுவில் ஒரு சின்னக் குட்டை, அப்புறம் 40 ராட். லேக் டூவிலிருந்து த்ரீ, ஃபோர் வரை படகை விட்டு இறங்கவே வேண்டாம். லேக் டூவிலோ த்ரீயிலோ ஓர் இடத்தைப் பிடித்து நான்கு இரவும் அங்கேயே தங்குங்கள். பகலில் காலிப் படகோடு சுற்றுங்கள்.

மலைநாடன்

வடக்குவாசி அண்ணா சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். 9 பேர் விதி சரி. ஆனால் நாலு நாளும் ஒரே இடத்தில் கிடப்பதற்கு எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? இது 10 லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் காடு. ஆயிரத்துக்கு மேல் ஏரிகள். 1964 காட்டுநிலச் சட்டமும் 1978இல் இந்தப் பகுதிக்கென்றே வந்த சட்டமும் இதை இப்படிக் காப்பாற்றி வைத்திருப்பதே மனிதர்கள் உள்ளே தள்ளிப் போய்ப் பார்க்கத்தான். லேக் ஒன் எல்லோரும் போகிற இடம். கோடையில் மதியத்துக்கு மேல் போனால் முகாம் கிடைக்காமல் அடுத்த ஏரி, அடுத்த ஏரி என்று அலைய வேண்டியிருக்கும். நைஃப் ஏரித் தண்ணீரின் தெளிவு அங்கே கிடைக்காது. பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட உறுதியானவர்கள். சாமானைக் குறைத்தால் சுற்றுவழியும் முடியும்.

துடுப்புக்காரி

மலைநாடன், பிள்ளைகள் உறுதியானவர்கள்தான். நான் கவலைப்படுவது பெரியவர்களைப் பற்றி. கனூவைத் தூக்குவது எப்படி இருக்கும் என்று காவேரிக்கரைக்குச் சொல்கிறேன், அதைப் படித்துவிட்டு அவர்களே முடிவு செய்யட்டும்.

கெவ்லர் என்ற லேசான செயற்கை இழையால் செய்த கனூ 42 பவுண்டு வாக்கில் இருக்கும், அலுமினியம் என்றால் 70 பவுண்டு. முழங்கால் ஆழத் தண்ணீரில் படகுக்குப் பக்கத்தில் நின்று, நடுச்சட்டத்தைப் பிடித்து முதலில் தொடைமேல் ஏற்ற வேண்டும். தூரத்து விளிம்பைக் கையால் பிடித்து, தொடையால் ஒரு உந்து உந்தி, படகைக் கவிழ்த்தபடி தலைக்கு மேலே கொண்டுபோய் நுகம் போல வளைந்த அந்த நடுச்சட்டத்தைத் தோளில் இறக்க வேண்டும். இறக்கியதும் சுமை சமமாகிவிடும், எடை அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கண்ணுக்கு முன்னால் நாலடிப் பாதை மட்டும்தான் தெரியும். கை இரண்டும் மேலே இருக்கும்போது கொசு காதில் உட்காரும், விரட்ட முடியாது. எதிரே ஆள் வந்தால் அவர்தான் ஒதுங்க வேண்டும். ஈரப்பாறையில் கால் வைக்கும்போது ஒவ்வொரு அடியும் யோசித்து வைக்க வேண்டும். இதை 40 ராட் செய்வது வேறு, 200 ராட் செய்வது வேறு. 200 ராட் என்றால் ஒரு கிலோமீட்டர்.

கெவ்லர் படகு பாறையில் உரசினால் கிழியும். கரைக்கு வந்ததும் படகை இழுத்து ஏற்றக் கூடாது. படகு மிதக்கும்போதே தண்ணீரில் இறங்கிவிட வேண்டும், ஏறுவதும் அப்படித்தான். ஆகவே கால் எப்போதும் நனையும். பகலுக்கு ஒரு ஜோடி நனைகிற பூட்ஸ், முகாமுக்குக் காய்ந்த ஒரு ஜோடி. செருப்போடு போர்ட்டேஜ் நடக்காதீர்கள்.

நீச்சல் தெரியாத இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தவர்களும் சேர்த்து எல்லோரும் படகில் இருக்கும் நேரம் முழுக்க லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். சட்டப்படி 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் போட்டே ஆக வேண்டும், மற்றவர்களுக்குப் படகில் இருந்தால் போதும். அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள். பனி உருகி ஏரி திறப்பதே பல வருஷங்களில் ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கத்தில்தான். மே மாதத் தண்ணீரில் விழுந்தால் நீச்சல் வீரருக்கே மூச்சு அடைக்கும், கை கால் சில நிமிஷங்களில் மரத்துப்போகும். 2024 மே மாதம் ஐரன் ஏரியில் இரண்டு கனூக்கள் கர்டன் அருவியில் அடித்துச் செல்லப்பட்டு இரண்டு பேர் இறந்தார்கள். அருவி, ஓட்டம் இருக்கிற பக்கமே முதல் பயணத்தில் போக வேண்டாம்.

ரொறன்ரோத் தமிழன்

நாங்கள் இங்கே அல்கொன்குயின் பூங்காவுக்குப் போகிற ஆட்கள். அங்கே ஒவ்வொரு இரவும் எந்த ஏரியில் தங்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பதிய வேண்டும். பவுண்டரி வாட்டர்ஸில் அப்படி இல்லை என்று கேள்விப்பட்டேன், சரியா? எங்களுக்கும் ஒரு முகாமில் 9 பேர்தான். தகரக் கான், போத்தல் இரண்டும் தடை.

மூன்று குடும்பம் சேர்ந்து போகிறபோது ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். குழுவில் ஆகப் பலவீனமான ஆள் யாரோ, அவருடைய அளவுக்குத்தான் பயணத்தைப் போட வேண்டும். அவருக்கு முதல் நாளே முதுகு பிடித்துக்கொண்டால் மற்ற எல்லோருடைய பயணமும் அதோடு சரி.

வடக்குவாசி

சரிதான் தம்பி. இங்கே நுழைவு இடமும் நுழையும் தேதியும் மட்டும்தான் பதிவு. எந்த இடம், எந்தத் தேதி என்று பெர்மிட்டில் இருக்கிறதோ அந்த வழியாக, அன்றுதான் உள்ளே போக வேண்டும். உள்ளே போனபின் எங்கே தங்குவது என்பது உங்கள் விருப்பம், காலியாக உள்ள முகாம் முதலில் வந்தவருக்கு. ஆனால் வரைபடத்தில் குறித்துள்ள முகாம்களில் மட்டும்தான் தங்கலாம். இரும்பு அடுப்புத் தட்டும் கழிப்பிடமும் இருந்தால் அதுதான் முகாம். பிடித்த பாறையில் கூடாரம் போட முடியாது.

மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்கக் கோட்டா பெர்மிட் (எண்ணிக்கை வரம்புள்ள அனுமதி) வேண்டும். ஜனவரி கடைசி புதன்கிழமை காலை 9 மணிக்கு, மத்திய நேரப்படி, ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் அந்த வருஷத்துக்கான பதிவு திறக்கும். பதிவுக்கு 6 டாலர், அது திரும்பக் கிடைக்காது. பயணத்துக்குத் தலைக்கு ஒரு கட்டணம், பதினெட்டு வயதுக்குக் கீழே பெரியவர்களுக்கு உள்ளதில் பாதி. எத்தனை இரவு தங்கினாலும் அதேதான். பெர்மிட் யார் பெயரில் இருக்கிறதோ அவர் அடையாள அட்டையோடு நேரில் வந்து வாங்க வேண்டும், பயணத்திலும் இருக்க வேண்டும். பதியும்போதே மாற்றுத் தலைவர்களாக மூன்று பேர் வரை சேர்க்கலாம். கட்டாயம் சேருங்கள். ஒருவருக்கு வேலையில் அவசரம் வந்துவிட்டால் மொத்தப் பயணமும் நிற்கக் கூடாது.

மலைநாடன் கேட்டதற்கு: லேக் ஒன்னில் கூட்டம் உண்மைதான். சனிக்கிழமை உள்ளே போனால் சிரமம். ஞாயிறு அல்லது திங்கள் காலை இறங்கினால் வார இறுதிக் கூட்டம் வெளியே வந்துகொண்டிருக்கும், நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள். முந்தின இரவே ஈலியில் தங்கி, காலை 8 மணிக்குள் தண்ணீரில் இருங்கள். நண்பகலுக்குள் முகாம் பிடித்துவிடலாம். மதியத்துக்கு மேல் காற்று எழும். லேக் த்ரீ திறந்த ஏரி, மேற்குக் காற்று அடித்தால் அலை படகுக்குள் வரும். அப்படிப்பட்ட நேரத்தில் நடுவே போகாமல் கரையை ஒட்டியே போக வேண்டும், இல்லையென்றால் முகாமிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். ஒரே இடத்தில் தங்குவதில் பெரிய வசதியே இதுதான்: காற்று அடித்தால் அன்றைக்கு நகர வேண்டிய கட்டாயம் கிடையாது.

லேக் ஒன்னில் இன்னொரு விஷயம். இறங்கியவுடனே தீவும் வளைவுமாக இருக்கும். எல்லாக் கரையும் ஒரே மாதிரி தெரியும், வழி தவறுகிறவர்கள் அதிகம். முன்னால் இருப்பவர் துடுப்புப் போடட்டும், ஒருவர் கையில் வரைபடமும் காம்பஸும் இருக்கட்டும். ஒவ்வொரு முனையைத் தாண்டும்போதும் வரைபடத்தில் விரலை நகர்த்திக்கொண்டே வாருங்கள். போனில் சிக்னல் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குச் சாட்டிலைட் மெசெஞ்சர் ஒன்று வாடகைக்கு எடுங்கள்.

காவேரிக்கரை

அண்ணா, துடுப்புக்காரி, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. 9 பேர் விதியை வீட்டில் சொன்னதும் பெரிய பேச்சாகிவிட்டது. "பக்கத்துப் பக்கத்து முகாமில் இருந்துகொண்டு ராத்திரி மட்டும் சேர்ந்தால் யாருக்குத் தெரியும்" என்கிறார் ஒருவர். எனக்கு அதில் விருப்பமில்லை. அந்த விதி எதற்காக இருக்கிறது என்று அவருக்கு எப்படி விளக்குவது?

துடுப்புக்காரி

ஒரு முகாமைப் போய்ப் பார்த்தால் விளக்கவே தேவையில்லை. கூடாரம் போடச் சமமான இடம் இரண்டு மூன்றுதான் இருக்கும். கீழே பாறை, அதன்மேல் ஒரு சாண் மண், அந்த மண்ணில்தான் பைன் மர வேர்கள். அதிகம் பேர் மிதித்தால் மண் கரைந்து ஏரிக்குள் போய்விடும், வேர் வெளியே வரும், சில வருஷத்தில் மரம் சாயும். பல முகாம்களில் இப்போதே வேர்கள் நரம்பு போல மேலே தெரிகின்றன. திரும்ப மண் சேர நம் ஆயுள் போதாது. அப்புறம் சத்தம். அமைதியான தண்ணீர்மேல் பேச்சு ஒரு மைல் போகும். அடுத்த முகாமில் இருப்பவர் லூன் பறவையின் குரல் கேட்க வந்திருப்பார்.

கழிப்பிடம் பற்றி யாரும் சொல்லவில்லை. பெண்கள் மனசுக்குள் முதலில் கேட்பது அதைத்தான். முகாமிலிருந்து ஒரு ஒற்றையடிப் பாதை காட்டுக்குள் போகும். கடைசியில் ஃபைபர் கிளாஸ் இருக்கை ஒன்று மண்ணில் பதித்திருக்கும், மூடி இருக்கும். சுவர் கிடையாது, கதவு கிடையாது, கூரை கிடையாது. சுற்றிலும் மரம்தான் மறைவு. நாங்கள் பாதை தொடங்கும் இடத்தில் மரக்கிளையில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிடுவோம். துணி இல்லையென்றால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம், போகிறவர் கையோடு எடுத்துப் போவார். பேப்பரை நனையாத பையில் வையுங்கள். சானிட்டரி நாப்கின், டயாப்பர், ஈரத் துடைப்பான் எதையும் அதற்குள் போடக் கூடாது, கட்டி வெளியே கொண்டுவர வேண்டும். மிச்சச் சாப்பாட்டையும் அதில் கொட்டக் கூடாது, கரடி வந்து தோண்டும். ராத்திரிக்குத் தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று.

அடுப்பங்கரை

சாப்பாட்டுக் கேள்விக்கு நான் வருகிறேன். கண்ணாடிப் பாட்டில், டின் இரண்டும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஆகவே ஊறுகாயைப் பாட்டிலோடு எடுத்துப் போகாதீர்கள், திரும்பப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். நல்லெண்ணெய், நெய்யும் அப்படியே. டப்பாவை ஒரு ஜிப் பைக்குள் போட்டு வையுங்கள், மூட்டைக்குள் எண்ணெய் கசிந்தால் வாசனை போகவே போகாது.

முதல் ராத்திரிக்குப் புளிக்காய்ச்சல். வீட்டிலேயே செய்து எடுத்துப் போய்ச் சோறு மட்டும் வடித்தால் போதும். அரிசியை மதியமே ஊறவைத்துவிட்டால் கேஸ் பாதிதான் செலவாகும். மறுநாளிலிருந்து வறுத்த ரவை உப்புமா, அவல், சப்பாத்திக்குப் பதில் கடை டார்ட்டியா. உப்புமாவுக்குக் கடுகு, உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வீட்டிலேயே தாளித்து ரவையோடு கலந்துவிடுங்கள், அங்கே கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கிளறினால் முடிந்தது. பருப்பும் கூட்டும் செய்து டீஹைட்ரேட்டரில் காயவைத்தால் நாலு பேர் சாப்பாடு கைப்பிடி அளவுக்கு வந்துவிடும். குக்கர், தோசைக்கல் இரண்டையும் வீட்டில் விட்டுவிடுங்கள். 40 ராட் போர்ட்டேஜிலும் அந்த எடை தெரியும்.

பாத்திரம் ஏரியில் கழுவக் கூடாது. சோப்பு எந்தச் சோப்பாக இருந்தாலும் சரி. தண்ணீரை மொண்டு கரையிலிருந்து 200 அடி தள்ளிப் போய்க் கழுவி அங்கேயே ஊற்ற வேண்டும். குடிதண்ணீருக்கு ஃபில்டர் அல்லது கொதிக்கவைத்தல், ஜியார்டியா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி உண்டு.

கரடி விஷயத்தில் நம் மசாலா வாசனையை லேசாக நினைக்காதீர்கள். இருட்டுவதற்கு முன்னால் சாப்பாடு, பற்பசை, மருந்து, குப்பை எல்லாம் கரடி திறக்க முடியாத சான்று பெற்ற பெட்டிக்குள் போய்விட வேண்டும். நாங்கள் பெட்டிதான் எடுக்கிறோம். கயிற்றில் தொங்கவிடுவதென்றால் 12 அடி உயரமும் தண்டிலிருந்து 6 அடி தள்ளியும் இருக்க வேண்டும், அதற்கேற்ற கிளை எல்லா முகாமிலும் கிடைக்காது. கூடாரத்துக்குள் ஒரு முறுக்குகூட வேண்டாம். பிள்ளைகளின் சட்டைப் பையைப் பாருங்கள்.

மலைநாடன்

அரை மைல் போர்ட்டேஜை மூன்று தடவை நடக்கும் கணக்கை நேற்று மனைவியிடம் சொன்னேன். அவரும் உங்கள் பக்கம்தான். சரி, எட்டு வயதுப் பிள்ளையோடு நைஃப் ஏரிச் சுற்று வேண்டாம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லேக் ஃபோருக்கு அப்பால் ஹட்சன் வரையாவது ஒரு பகல் போய் வாருங்கள். நடுவில் குட்டிப் போர்ட்டேஜ்கள்தான். 2011இல் பகாமி கிரீக் தீ வந்த பகுதி அது. ஆகஸ்டில் மின்னல் விழுந்து புகைந்துகொண்டிருந்த தீ, செப்டம்பர் 12 அன்று ஒரே நாளில் 16 மைல் ஓடியது. கடைசியில் 92,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. இப்போது ஜாக் பைன் கன்றுகள் நெருக்கமாக எழுந்து நிற்கின்றன. அந்த மரத்தின் காய் பெரும்பாலும் தீயின் சூட்டில்தான் திறந்து விதையைக் கொட்டும். பிள்ளைகளுக்கு ஒரு காயை எடுத்துக் காட்டுங்கள், பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் நிழல் குறைவு, தொப்பி வேண்டும். கூடாரம் போடும் முன் மேலே பார்த்துப் பட்ட மரம் எதுவும் சாய்ந்து நிற்கவில்லையா என்று கவனியுங்கள்.

டோரத்தி அம்மாவுக்காக நைஃப் ஏரிவரை போக வேண்டியதில்லை. அவருடைய மரவீட்டையே பிரித்துக் கொண்டுவந்து ஈலியில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

வடக்குவாசி

மாதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மே கடைசியிலும் ஜூனிலும் கறுப்பு ஈ, ஜூன் ஜூலையில் கொசு. ஆகஸ்ட் பாதிக்கு மேல் இரண்டும் அடங்கும், தண்ணீரும் குளிக்கிற பதத்தில் இருக்கும். ஜூலை கடைசி, ஆகஸ்டில் பாறை ஓரங்களில் புளூபெரி பழுத்துக் கிடக்கும். உங்களுக்கு ஆகஸ்ட் மூன்றாவது வாரம் என்பேன். அந்தச் சமயத்தில் காடு காய்ந்திருந்தால் நெருப்புத் தடை வரலாம், அதனால் கேஸ் ஸ்டவ் இல்லாமல் போகாதீர்கள். 2021 ஆகஸ்டில் தீ காரணமாகப் பவுண்டரி வாட்டர்ஸ் முழுவதையுமே சில நாள் மூடினார்கள். கிளம்பும் வாரம் தினமும், பவுண்டரி வாட்டர்ஸ் அடங்கிய சுப்பீரியர் தேசியக் காட்டின் அறிவிப்பைப் பாருங்கள்.

காவேரிக்கரை

முடிவுக்கு வந்துவிட்டோம். நாங்களும் எங்களோடு வரும் ஒரு குடும்பமும் சேர்த்து 7 பேர், மூன்று படகு. ஆகஸ்ட் மூன்றாவது வாரம், திங்கட்கிழமை, லேக் ஒன். லேக் டூவில் முகாம், ஒரு பகல் ஹட்சன். நீச்சல் தெரியாத இருவரும் இந்தக் குழுவில்தான். இருவரும் ஆளுக்கொரு படகில், பின்னால் அனுபவமுள்ளவர். மூன்றாவது குடும்பம் 4 பேர், சாபில் ஏரிப் பக்கம் தனியாக வேறு வாரம் போகிறார்கள். சேர்ந்து போக முடியவில்லையே என்று பிள்ளைகளுக்கு வருத்தம்தான். அதற்காக ஜூலையில் ஒரு நாள் 9 பேர் மட்டும் சவுத் ஹெக்மன் ஏரிக்குப் பகல் பயணம் வைத்து, பெரியவர்களில் இரண்டு பேர் ஈலியில் இருந்துகொள்வது என்று பேசியிருக்கிறோம். பகல் பயணத்துக்குக் கோட்டா உண்டா? அங்கே இருக்கும் பழைய பாறை ஓவியங்களைப் பக்கத்தில் போய்ப் பார்க்க முடியுமா?

துடுப்புக்காரி

துடுப்பால் போகிற பகல் பயணத்துக்குக் கோட்டா இல்லை, கட்டணமும் இல்லை. நுழையும் இடத்தில் இருக்கும் பெட்டியில் படிவத்தை நீங்களே நிரப்பி ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். சாலையிலிருந்து 80 ராட் போர்ட்டேஜ் உண்டு, படகு தூக்கிப் பழக நல்ல இடம். ஓவியங்கள் நார்த் ஹெக்மனில், தண்ணீருக்கு மேலே பாறைச் சுவரில், செங்காவி நிறத்தில்: ஒரு மூஸ் மான், கைவிரித்த ஓர் ஆள், படகுகள். படகில் இருந்தபடியே பார்க்கலாம். கையால் தொடாதீர்கள், பாறைமேல் தண்ணீர் தெளித்துப் படம் எடுக்காதீர்கள். இந்தப் பகுதியின் பழங்குடியினரான ஓஜிப்வே மக்களுக்கு அது இன்றைக்கும் புனிதமான இடம். அமெரிக்க அரசோடு அவர்கள் செய்த 1854 உடன்படிக்கையின்படி இந்தக் காட்டிலும் ஏரிகளிலும் வேட்டைக்கும் மீனுக்கும் காட்டரிசிக்கும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது. இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வடக்குவாசி

நல்ல திட்டம். திங்கட்கிழமை கிடைக்காவிட்டால் செவ்வாய், அதுவும் இல்லையென்றால் முந்தின வாரம் என்று மாற்றுத் தேதியை எழுதி வைத்துக்கொண்டு ஜனவரிப் புதன்கிழமை உட்காருங்கள். ரெக்ரியேஷன் டாட் கவ் கணக்கை முந்தின வாரமே தொடங்கி, கார்டு விவரத்தையும் போட்டு வைத்துவிடுங்கள். 9 மணிக்குப் பாஸ்வேர்ட் தேடிக்கொண்டிருந்தால் லேக் ஒன் போய்விடும். கிடைக்கவில்லையென்றாலும் விடாமல் பாருங்கள், கோடை முழுக்கப் பலர் ரத்து செய்வார்கள். நீங்களும் போக முடியாது என்று தெரிந்தால் உடனே ரத்து செய்யுங்கள், இன்னொரு குடும்பத்துக்கு அந்தத் தேதி கிடைக்கும்.

காவேரிக்கரை

கணக்குத் தொடங்கிவிட்டேன். மாற்றுத் தலைவர்கள் மூன்று பெயரும் தயார். ஏரி திறந்து தண்ணீர் கொஞ்சம் சூடானதும் மினியாபொலிஸ் நகரின் லேக் ஹாரியட்டில் சனிக்கிழமைகளில் பழகப் போகிறோம். கெவ்லர் படகை ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும். மினியாபொலிஸ் பக்கம் யாரிடமாவது இருந்தால் இங்கே சொல்லுங்கள், நாங்களே வந்து பார்க்கிறோம்.